சட்டைப்பையில் இருந்த பல் செட்

என் வீட்டுக்காரருக்குக் குறை சொல்ல வராது. தங்கமான மனுஷன் என்று ஊரே மெச்சுகிறது. கூடக் குடித்தனம் நடத்துகிறவளைக் கேட்டால்தானே தெரியும்! ஒரு தடவை முடி வெட்டுகிறவர் காதோரம் கத்தியை இழுத்துவிட்டார். ரத்தம் சட்டைக் காலரில் இறங்குகிறது, இவர் என்னடாவென்றால் "பரவாயில்லைங்க, பரவாயில்லைங்க" என்று அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறார். காந்திபுரத்தில் மோட்டார் பம்பு சாமான் விற்கிற கடை எங்களுடையது. யாராவது கடையில் வந்து சத்தம் போட்டால்கூட, "வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்பார். பக்கத்து வீட்டில் தவழ்கிற குழந்தையைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். நான் அப்படியே நேர்மாறு. எனக்கு வாய் நீளம், அது எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டு வெகுநாளாகத் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தது. கிராம்புத் தைலம், உப்புத் தண்ணீர் என்று ஓட்டிக்கொண்டிருந்தார். கடை ஆரம்பித்த காலத்தில் வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் இருந்தது. மகள் பிறந்த பிறகு நான் போட்ட சண்டையில் அதை அடியோடு விட்டுவிட்டார். விட்டாயிற்று, அதோடு தலைமுழுகியாயிற்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதற்கிடையில் அவருடைய அண்ணன் மகன் பல் டாக்டருக்குப் படித்து முடித்து, சரவணம்பட்டிப் பக்கம் கிளினிக் போட்டான். எங்கள் பக்கத்தில் குடும்பத்துப் பையன் ஒருவன் டாக்டராகிவிட்டால் ஒரம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் அவனிடம்தான் போக வேண்டும். வேறு டாக்டரிடம் போவது பையனை முகத்தில் அடித்த மாதிரி. கிளினிக் திறந்த முதல் மாதத்தில் பல் நன்றாக இருந்தவர்கள்கூடப் போய் நாற்காலியில் படுத்து வாயைத் திறந்துவிட்டு வந்தார்கள். ஒருத்தர் விடாமல் எல்லாரும் "அருமைங்க, வலியே தெரியலைங்க" என்றார்கள். பையன் கைராசிக்காரன் என்று பேர் வாங்கிவிட்டான். உண்மையில் கெட்டிக்காரன்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சொந்தக்காரர் சொல்கிற நல்ல வார்த்தையை வைத்துக்கொண்டு எந்த டாக்டர் வைத்தியம் பார்க்க முடியும்?

அவன்தான் அந்த இரண்டு பல்லையும் எடுத்தான். புண் ஆறிய பிறகு அளவெடுத்து, கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு செட் செய்து கொடுத்தான். "சித்தப்பாகிட்டப் போயி காசு வாங்குவனுங்களா?" என்று சொல்லிவிட்டான். செட்டைக் கையில் கொடுக்கும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுங்க, காலையில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டுங்க என்றெல்லாம் சொன்னான். கடைசியாக ஒன்றை அழுத்திச் சொன்னான். "புதுசுங்கறதால எங்கயாச்சும் ஒரசும். ஒரசுனா மறுநாளே வந்துருங்க சித்தப்பா. அந்த எடத்த ராவிக் குடுத்துட்டாச் சரியாப் போயிரும். பொறுத்துட்டு மட்டும் இருக்காதீங்க." இவர் கைகூப்பாத குறையாகத் தலையாட்டினார்.

அதற்கப்புறம் பையன் வாரம் தவறாமல் போன் பண்ணுவான். "எப்படிங்க இருக்குது சித்தப்பா?" இவர், "நம்ம பல்லு மாதிரியேதானுங்க கண்ணு, மாட்டியிருக்கறதே தெரியறதில்லை" என்பார். எனக்கும் காதில் விழும். நல்லதுதானே என்று என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கொஞ்ச நாளில் மனுஷன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். தயிர்ச் சோறு மட்டும் போதும் என்பார். பொரியலை ஒதுக்குவார். கேட்டால், "வாயில சின்னப் புண்ணு. சூடு" என்றார். சூடு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் எந்த நோய்க்கும் விசாரணை அத்தோடு முடிந்துவிடும். வயிற்றில் புண் இருந்தால்தான் வாயில் வரும் என்றார்கள். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப் பால், இளநீர், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று எல்லாம் நடந்தது. கடைக்குப் பக்கத்து மெடிக்கலில் வாய்ப்புண்ணுக்கு ஒரு களிம்பு வாங்கித் தடவிக்கொண்டார். உடம்பு குளிர்ந்ததே ஒழியப் புண் ஆறவில்லை.

தீபாவளிக்கு அப்புறம் ஒரு நாள் துணி துவைக்கப் போட்டேன். மிஷினில் போடுவதற்கு முன்னால் பைகளைத் துழாவிப் பார்ப்பது என் வழக்கம். இவருடைய வெள்ளைச் சட்டைப்பையில் கைக்குட்டை சுருட்டி இருந்தது. பிரித்தால் உள்ளே பல் செட்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கடையிலிருந்து சாப்பிட வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அதை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

"இது என்னங்க?"

"அது... காலையில கழட்டினேன். மாட்ட மறந்துபோட்டேன்."

"பொய் சொல்றதுன்னா ஒரு பொருத்தமாச் சொல்லுங்க. கைக்குட்டையில சுருட்டி வெக்கத் தெரிஞ்சவருக்கு வாயில வெக்கத் தெரியலையாக்கு?"

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எங்கள் பக்கத்து ஆடிப் பண்டிகையான ஆடி நோம்பியிலிருந்தே அது இடது கன்னத்தில் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. கடையில் இருக்கும்போது கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வார். பையனோ அண்ணன் வீட்டாரோ வந்தால் எடுத்து மாட்டிக்கொள்வார். ஒரு கல்யாணத்தில் பையனுக்கு எதிரே உட்கார்ந்து, அவன் பார்க்க வேண்டும் என்பதற்காகவே முறுக்கு கடித்திருக்கிறார்.

"அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க கேடு?"

"ஆசையாச் செஞ்சு குடுத்தாங்க. ஒரம்பரையில மொதச் செட்டு எனக்குத்தான் பண்ணுனாங்க. அதப் போயி சரியில்லைன்னு எந்த வாயால சொல்றது?"

"புண்ணான வாயாலதான் சொல்லோணும்! வேற எந்த வாயால சொல்லுவீங்க?"

வாயைத் திறக்கச் சொல்லி செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தேன். நடந்ததையெல்லாம் மறந்தாலும் அதைப் பார்த்த நிமிஷத்தை மறக்க மாட்டேன். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படர்ந்து, நடுவில் சிவப்பாக ஒரு புண். ஓரம் மேடு கட்டியிருந்தது. ஆஸ்பத்திரிச் சுவரில் புகையிலையைப் பற்றி ஒட்டியிருப்பார்களே, எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவோமே, அந்தப் படம்தான் நினைவுக்கு வந்தது. வாயில் உள்ள புண் இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டு என்று அதில் எழுதியிருக்கும். நாங்கள் மாதக்கணக்கில் கீரை கடைந்துகொண்டிருந்தோம். 

உடனே பையனிடம் போகலாம் என்றேன். மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அவருக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது. பையன் போட்ட செட்டால் இப்படி ஆனது என்று நாலு பேர் பேசினால் கிளினிக் என்ன ஆகும் என்கிறார். தன் உயிரைப் பற்றிப் பேச்சே இல்லை. கடைசியில், தெரியாத ஊரில் தெரியாத டாக்டர் என்றால் வருகிறேன் என்று இறங்கி வந்தார். என் சிநேகிதி ஒருத்தி உடுமலைப்பேட்டையில் ஒரு பெண் பல் டாக்டரைச் சொன்னாள். அங்கே நமக்கு ஒரம்பரை யாருமில்லை என்று இவர் திருப்திப்பட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் உக்கடத்தில் பஸ் ஏறினோம். பொள்ளாச்சி தாண்டும் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை.

டாக்டர் அறைக்கு வெளியே எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு ஆள்தான் உட்கார்ந்திருந்தார். தேங்காய் வியாபாரி. கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு, "ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?" என்று ஆரம்பித்தார். எங்கள் பக்கத்து ஆள் பல்வலியில் செத்துக்கொண்டிருந்தாலும் இதைக் கேட்காமல் சாக மாட்டார். நான் இவர் காலை மிதித்தேன். பிரயோஜனமில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க இவரால் முடியாது. ஊரைச் சொன்னார், கடையைச் சொன்னார், அண்ணன் பேரைச் சொன்னார். அந்த ஆள் முகம் மலர்ந்துவிட்டது. பையனுடைய மனைவி அவருக்கு அக்கா மகளாம்!

"அட, நம்ம மாப்பிள்ளை அங்க கிளினிக் வெச்சிருக்கையில நீங்க எதுக்குங்க இத்தனை தூரம்?"

"ஒண்ணுமில்லைங்க. சும்மா இந்தப் பக்கம் வந்தோம். அப்படியே பல்லையும் காட்டிப்போட்டுப் போலாம்னு..."

அமராவதி அணையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அப்படியே பல்லையும் காட்டிவிட்டுப் போவது வழக்கம் போலிருக்கிறது! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது.

டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு புண்ணின் ஓரத்தை மெதுவாக அழுத்தினார். "வலிக்குதுங்களா?"

"பரவாயில்லைங்க" என்றார் என் வீட்டுக்காரர். கண்ணிலிருந்து தண்ணீர் காது வரைக்கும் ஓடுகிறது.

நான் எழுந்துவிட்டேன். "டாக்டர், இவரு பரவாயில்லைன்னா உசுரு போகுதுன்னு அர்த்தமுங்க. இவரக் கேக்காதீங்க, என்னைக் கேளுங்க" என்று, ஆடி நோம்பியில் ஆரம்பித்து சட்டைப்பை வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். பழைய புகையிலையையும் சொன்னேன். வைத்தியரிடமும் வக்கீலிடமும் மறைக்கக் கூடாது என்பார்கள். இவர் இரண்டு பேரிடமும் மறைப்பார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. சுற்றி வளைக்கவும் இல்லை. உரசலால் வந்த வெறும் புண் என்றால், செட்டைக் கழற்றி வைத்த இரண்டு வாரத்தில் ஆறிவிடும், ஆனால் இதன் ஓரம் கெட்டியாக இருக்கிறது, அதனால் காத்திருக்க வேண்டாம், சதையில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்றார். செட் ஒன்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, புகையிலையை விட்டு எத்தனை வருடமானாலும் அது செய்து வைத்த கெடுதல் கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கும் என்றும் சொன்னார். "ஆனா இதை உங்க டாக்டருக்குத் தெரியாமப் பண்ணாதீங்க. நேரா அவர்கிட்டயே போங்க" என்று அனுப்பி வைத்தார்.

போக வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது பையன் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். தேங்காய் வியாபாரி போன் பண்ணிவிட்டார். கிளினிக்கைப் பூட்டிவிட்டு அப்படியே வந்திருக்கிறான்.

"நான் எத்தனை தடவை கேட்டனுங்க சித்தப்பா?"

இவர் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார். "நீங்க சங்கடப்படுவீங்களேன்னு, கண்ணு..."

"இப்ப ரொம்ப சந்தோஷமா இருக்கறனுங்களா? நான் டாக்டராக் கேட்டனுங்க. நீங்க சித்தப்பாவாவே பதில் சொல்லிட்டிருந்திருக்கீங்க."

அவ்வளவு சொல்லிவிட்டு எழுந்தான். உள்ளே வந்து கையைக் கழுவினான். ட்யூப் லைட்டுக்கு அடியில் நாற்காலியைப் போட்டு, இவரை உட்கார வைத்து வாயைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். நான் வைத்த காபி ஆறிப்போயிற்று.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனே கூட்டிக்கொண்டு போனான். சதையில் ஒரு துண்டு எடுத்தார்கள். முடிவு வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் எனக்கு இருந்தது பயம், வெறும் பயம். ரவைக் கஞ்சி, குழைந்த பருப்புச் சோறு, அவித்த முட்டையை மசித்து என்று மூன்று வேளையும் எதையாவது கொடுத்துக்கொண்டே இருந்தேன். சும்மா இருந்தால் அழுதுவிடுவேன் என்பதால் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அவர் கஞ்சி நன்றாக இருக்கிறது என்றார்.

ஒரு மத்தியானம் பையன் போன் பண்ணினான். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"ரிப்போர்ட் வந்துருச்சுங்க சித்தப்பா. வந்து... பரவாயில்லைங்க. சாயங்காலம் நேர்ல வாரேன், பேசிக்கலாம்."

"செரிங்க கண்ணு" என்று இவர் வைக்கப் போனார். வெடுக்கென்று போனைப் பிடுங்கினேன்.

"கண்ணு, இந்தக் குடும்பத்துப் பரவாயில்லை எனக்குத் தெரியாததா? என்னன்னு இப்பவே சொல்லிப்போடு."

 "கேன்சர்தானுங்க சித்தி" என்றான். "ஆரம்பத்துலதான் இருக்குது. கழுத்துக்குப் பரவுன மாதிரித் தெரியலை. ஆபரேஷன் பண்ணி எடுத்தறலாமுங்க." சொல்லிவிட்டு, டாக்டர் என்பதையெல்லாம் மறந்து சின்னப் பையன் மாதிரி அழுதான்.

என் வீட்டுக்காரர் என் கையிலிருந்து போனை வாங்கினார். "அழாதீங்க கண்ணு. நீங்க என்ன பண்ணுவீங்க? மத்தியானம் சாப்டீங்களா?" என்று கேட்டார். கேன்சர் வந்திருப்பது யாருக்கு என்றே எனக்குக் குழம்பிவிட்டது.

ஆபரேஷன் நடந்தது. இடது கன்னத்தின் உள்சதையில் ஒரு பகுதியையும் பக்கத்துப் பல் ஒன்றையும் எடுத்துவிட்டு, தொடைத் தோலை வெட்டி அங்கே ஒட்டினார்கள். கழுத்திலும் பார்த்து, பரவவில்லை என்று சொன்னார்கள். மூக்குக் குழாய் வழியாகச் சில நாள் கஞ்சித் தண்ணீர் போயிற்று. கரண்ட் என்று சொல்கிற கதிர் வைத்தியம் வேண்டியதில்லை, மாதாமாதம் வந்து காட்டினால் போதும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் வேண்டியிருந்தேன், உடைத்தேன்.

கண்டம் தாண்டியாயிற்று என்று நினைத்தால், வாய் திறக்கவில்லை. ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறக்கும். தையல் போட்ட சதை இறுகுவதுதான் காரணம், இப்போது விட்டுவிட்டால் அப்படியே இறுகிப்போகும், ஆயுசுக்கும் கரைத்துக் குடிக்க வேண்டியதுதான் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னார். அதற்கு ஒரு பயிற்சி. ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வலது பக்க மேல், கீழ்ப் பல்வரிசைகளுக்கு நடுவில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு குச்சியாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வலிக்கும். வலியை எட்டாமல் நிறுத்தினால் வாய் திறக்காது. அளவுக்கு மீறித் திணித்தால் ஒட்டிய தோல் கிழியும். எவ்வளவு வலிக்கிறது என்று அவர் சொன்னால்தான் செய்கிறவருக்கு அளவு தெரியும் என்றார் டாக்டர். சொல்லப்போகிற ஆளைப் பார்த்து நான் பெருமூச்சு விட்டேன்.

பையன் தினமும் கிளினிக் முடிந்து வந்துவிடுவான். குச்சியைக் கொடுத்து, "வலிக்குதுங்களா சித்தப்பா?" என்பான். குழறுகிற நாக்கோடு இவர், "பவாயில்லைங்க" என்பார். பையன் அந்த வார்த்தையைக் கேட்டதும், இதை நம்பித்தானே ஒரு தரம் மோசம் போனோம் என்று பயந்து, குச்சியைக் கூட்டாமல் நிறுத்திவிடுவான். இவர் நோகடிக்கக் கூடாது என்று மறைக்கிறார், அவன் நோகுமே என்று பயப்படுகிறான். வாய் திறந்த பாடில்லை. மனுஷன் சோளத்தட்டு மாதிரி மெலிந்துகொண்டே போனார். நான் இரண்டு பேரையும் உட்கார வைத்துத் திட்டினேன். "உங்க மரியாதையை வெச்சு நாக்கு வழிக்கிறதா? இவரு வாயத் தொறக்கோணும், எனக்கு அது போதும்" என்று கத்தினேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். மறுநாளும் அதே பவாயில்லைங்க.

மாதக் கடைசியில் காட்டப் போனபோது, திறப்பு கூடவே இல்லை, இப்படியே போனால் மறுபடி கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் பையன் வந்தபோது அவன் முகமே சரியில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டான். வழக்கமான குச்சிகளை வைத்தான். எதுவும் கேட்கவில்லை. இன்னொன்றைச் செருகினான். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நான் சமையலறையில் தோசை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

"எடுடா கையை!"

கரண்டியோடு ஓடி வந்தேன். குச்சிகள் தரையில் சிதறிக் கிடந்தன. என் வீட்டுக்காரர் பையனுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"வலிக்குதுடா! உசுரு போகுது!"

பையன் கையை உருவிக்கொள்ளவில்லை. அவன் கண்ணில் கரகரவென்று தண்ணீர் வழிந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான். தரையில் மண்டி போட்டு முகத்துக்குக் கிட்டே போனான்.

"எங்கீங்க சித்தப்பா? எந்த எடத்துல? தொட்டுக் காட்டுங்க."

இவர் விரலைக் கன்னத்தில் வைத்து அழுத்தினார்.

"இங்கதான்டா" என்றார். "நீ மொத நாள் செட்டை மாட்டிவிட்டப்பவே இங்கதான்டா வலிச்சுது."